கீழே ஒரு தட்டு



கொஞ்சம் நீளமான பதிவு. ஏப்ரல் விடுமுறை என்பதால் எழுத நேரம் கிடைத்தது. வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்களும், வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குக் காசு அனுப்பிக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்த் தம்பிமாரும் வாசித்தால் நல்லது.

கடற்கரைப் பக்கம் நாங்கள் வாங்கிய பத்துப் பேர்ச் காணியில் வேலை ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று பலர் கேட்டுவிட்டீர்கள். லோன் கிடைக்கவில்லையா என்று ஒருவர் கேட்டார். காணியில் ஏதும் வழக்கா என்று பள்ளிவாசல் வாசலில் இன்னொருவர் காதுக்குள் கேட்டார். இரண்டும் இல்லை. எட்டு மாதமாக எங்கள் வீட்டில் ஒரு கேள்வி முடியாமல் கிடந்தது. புதிய வீட்டுக்குக் கீழே, நிலத்துக்குள், ஒரு தட்டு வேண்டுமா வேண்டாமா?

சிரிக்க வேண்டாம். சாய்ந்தமருதில், கடல் இரைவது கேட்கிற தூரத்தில், நிலக்கீழ் அறையா என்று நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தான்.

யோசனை கட்டாரிலிருந்து வந்தது. எங்களில் ஒருவருக்கு உடன்பிறந்த தம்பி, மற்றவருக்கு மச்சான். பதினொரு வருடமாக அங்கே ஒரு களஞ்சியத்தில் வேலை. போன ஓகஸ்டில் ஓர் இரவு வட்ஸ்அப்பில் ஒரு பிளான் வந்தது. பக்கத்து அறையிலிருக்கும் இந்தியப் பையன் ஒருவனைப் பிடித்துக் கம்பியூட்டரில் கீறுவித்திருக்கிறான். கீழே ஒரு தட்டு, நிலமட்டத்தில் ஒன்று, அதற்கு மேல் ஒன்று. "ராத்தா, காணி சின்னன். மேலயும் நடுவுலயும் புள்ளயளுக்கு. கீழ ஒண்டு போட்டா சாமான் வெக்கலாம், டியூசன் வகுப்பும் எடுக்கலாம். செலவுல பாதி நான் பார்க்கன்."

புள்ளயளுக்கு என்றால் எங்கள் ஊரில் விளக்கம் தேவையில்லை. எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பதினொரு வயதும் ஏழு வயதும். ஒரு பேர்ச் 272 சதுர அடி. பத்துப் பேர்ச்சில் நாலு பக்கமும் விட வேண்டியதை விட்டு, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடம் ஒதுக்கினால், மிச்சம் ஒரு வீடுதான். சீதனத்துக்கு எதிராக நாங்கள் இருவரும் மேடையில் பேசியிருக்கிறோம், இதே பக்கத்திலும் எழுதியிருக்கிறோம். எழுதியவர்கள்தான் பிளானைப் பார்த்தவுடன் எத்தனை தட்டு, எத்தனை பிள்ளை என்று எண்ணினோம். இதையும் சொல்லிவிட வேண்டும்.

அவசரமும் இருந்தது. இப்போது நாங்கள் இருப்பது உம்மாவின் பழைய வீடு. தங்கச்சிக்கு ஹஜ் பெருநாள் கழிந்து நிக்காஹ், அந்த வீடு அவளுக்கு. உம்மா எங்கள் பிள்ளைகளை விட்டு இருக்க மாட்டார், எங்களோடு வருகிறார்.

எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிப்பவர். தம்பிக்கு உடனே மறுப்புச் சொல்லாமல் அளந்து பார்ப்போம் என்றார். காணியில் முன்னைய சொந்தக்காரர் இறக்கிய பழைய கொட்டுக் கிணறு ஒன்று இருக்கிறது. கயிற்றில் அடிக்கு அடி முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு போல்ட்டைக் கட்டி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து வந்து தண்ணீர் மட்டம் பார்த்தோம். மூத்த மகள் கொப்பியில் பதிந்தாள். ஓகஸ்ட் கடைசியில் நிலமட்டத்திலிருந்து ஏழு அடிக்குக் கீழே நீர். ஒக்டோபர் நடுவில் ஐந்து. நவம்பர் மூன்றாம் வாரம் இரண்டு. அதற்கடுத்த வாரம் பதிவு இல்லை. 2024 நவம்பர் கடைசி வெள்ளம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் கிணற்றையும் முற்றத்தையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. டிசம்பர் முழுக்க ஓர் அடி. கொப்பியில் மகள் அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே "கிணறு வெளியே வந்துவிட்டது" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

ஆள் நின்று நடக்க எட்டு அடியாவது வேண்டும். கொங்கிறீட் தடிப்பையும் சேர்த்தால் தரை ஒன்பது அடிக்குப் போகும். ஆகவே கோடையிலேயே அந்தத் தரை இரண்டு அடி நீருக்குள். மாரியில் எட்டு அடி.

கடற்கரையில் பிள்ளைகள் கையால் பூவல் தோண்டி விளையாடும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு முழம் போகுமுன் நீர் ஊறும், ஓரம் சரிந்து விழும். எங்கள் வளவும் அதே மணல்தான்.

நீர் உள்ளே வராமல் அடைக்கலாமே என்றான் தம்பி. அடைக்கலாம். அடைத்த பிறகுதான் அடுத்த பிரச்சினை. வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, அதற்குள் வெறும் மாஜரீன் டப்பா ஒன்றைக் கவிழ்க்காமல் அப்படியே அமுக்கிப் பாருங்கள். கையை மேலே தள்ளும். தரம் 10 இல் மேலுதைப்பு என்று படிப்பிப்பது அதைத்தான். ஆறு மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலமான ஓர் அறை. அதைச் சுற்றி எட்டு அடி, அதாவது ஏறக்குறைய 2.4 மீற்றர் உயரத்துக்கு நீர். பெருக்கினால் 72 கனமீற்றர். ஒரு கனமீற்றர் நீர் ஆயிரம் கிலோ. 72 தொன் விசை அந்த அறையைக் கீழிருந்து மேலே தள்ளும். ஐம்பது கிலோ சீமெந்துப் பை 1440 இன் நிறை. வீடு முழுக்க எழும்பிய பிறகு மேலேயுள்ள பாரம் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். எங்கள் வீடு லோன் கிடைக்கக் கிடைக்க, சீட்டு விழ விழக் கட்டப்படுகிற வீடு. கீழ்த்தட்டை மட்டும் கட்டி நிறுத்திவிட்டு ஒரு மாரியைக் கடந்தால் என்ன நடக்கும்? தரை வெடிக்கும், அல்லது முழு அறையும் தோணி மாதிரிக் கிளம்பும். வெறுமையாக விட்ட நீச்சல் தடாகங்கள் மழைகாலத்தில் இப்படிக் கிளம்பியிருக்கின்றன.

கொழும்பில் நிலத்துக்குள் கார் நிறுத்துகிறார்களே என்றும் கேட்டான். நியாயமான கேள்வி. அங்கே முதலில் நிலத்துக்குள் ஆழமாகக் கொங்கிறீட் சுவர் இறக்கி, பிறகு உள்ளே தோண்டி, பம்பி ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். மின்சாரம் போனால் ஜெனரேற்றர் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். வெள்ளம் வருகிற நாளில் முதலில் போவதும் கரண்ட்தான். பம்பி வேண்டிய அதே நேரத்தில் பம்பி நின்றுவிடும்.

கனடாவில் நம் ஆட்கள் எடுத்துப் போடுகிற வீட்டு வீடியோக்களையும் பார்த்தோம். அங்கே பெரும்பாலான வீடுகளில் கீழ்த்தட்டு இருக்கிறது. காரணம் குளிர். நிலத்திலுள்ள ஈரம் உறைந்தால் வீங்கி அத்திவாரத்தைத் தூக்கிவிடும் என்பதால், உறைபனி எட்டாத ஆழத்துக்கு அத்திவாரம் இறங்கியாக வேண்டும். டொரொன்டோப் பக்கம் அது நான்கு அடி. எப்படியும் தோண்டியாயிற்று, இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தட்டு. அந்தக் கணக்கு அங்கே சரி. எங்கள் ஊரில் எது உறைகிறது, ஐஸ் பழத்தைத் தவிர?

அட்டாளைச்சேனைக் கல்விக் கல்லூரியில் எங்களோடு படித்த அக்குறணை நண்பர் ஒருவரிடமும் பேசினோம். அவர் வீட்டில் கீழ்த்தட்டு இருக்கிறது, ஒருமுறை போய்த் தங்கியும் இருக்கிறோம். பாதையிலிருந்து உள்ளே போனால் நிற்பது மேல்தட்டில். படியிறங்கினால் கீழ்த்தட்டு, ஆனால் அதன் ஜன்னலைத் திறந்தால் வெளியே பலாமரமும் வெயிலும். மலைச்சரிவில் ஒரு பக்கம்தான் மண், மறுபக்கம் திறந்த வெளி, தண்ணீர் தானாகவே கீழே ஓடிவிடும். அவரே சொன்னார்: "மண் வெட்டின பக்கத்துச் சுவருக்குக் குழாய் வெச்சுத் தண்ணி போக வழி செய்யாட்டி அது எங்களுக்கும் ஆபத்துத்தான். உங்கட ஊர்ல நாலு பக்கமும் தண்ணி. ஏன் சேர் இந்த வேல?"

இதெல்லாம் எங்கள் காசு, எங்கள் தலைவலி. எங்களை உண்மையில் நிறுத்தியது பக்கத்து வளவு மூத்தம்மா.

மேசன் காக்காவைக் காணிக்குக் கூட்டிப்போனோம். பிளானைக் கையில் வாங்கவே இல்லை. எல்லை வேலியைப் பார்த்தார், அங்கிருந்து நாலு அடி தள்ளி நிற்கிற மூத்தம்மாவின் வீட்டைப் பார்த்தார். சுனாமிக்குப் பிறகு உதவியாகக் கிடைத்த சின்ன வீடு. "இஞ்ச ஒம்பது அடி தோண்டுறதெண்டா ராப்பகலா இறைக்கணும். இறைக்கிற தண்ணியோட மணலும் வரும். எங்க இரிக்கிற மணல் வரும்? அந்தா அந்த வீட்டுக்குக் கீழ இரிக்கிற மணல். அவட சுவர் வெடிச்சா ஆரு பதில் சொல்ற?"

கிணறும் அப்படித்தான். கடலோர மணலில் நல்ல நீர் உப்புநீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. மேலேயுள்ளதை அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்பு ஏறும். சுனாமிக்குப் பிறகு கிணறுகளைத் துப்புரவு செய்கிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்ததில் கிழக்கில் பல கிணறுகளில் உப்புக் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. குழாய்நீர் வந்த பிறகும் மூத்தம்மா உழூ எடுப்பதும் முருங்கைக்கு ஊற்றுவதும் அந்தக் கிணற்று நீரைத்தான். அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி வகுப்பில் பாடம் எடுத்துவிட்டு வந்து அவருடைய கிணற்றை உப்பாக்குவதா?

இன்னொன்று, எழுதவே கூசுகிறது. இவ்வளவு நெருக்கமாக வீடுகளுள்ள ஊரில், ஒவ்வொரு வளவிலும் ஒரு மலசலகூடக் குழி இருக்கும்போது, நிலத்துக்குள் கட்டிய அறைச் சுவரில் கசிந்து வருவது மழைத் தண்ணீர் மட்டுமாக இருக்காது.

ஜனவரியில் தம்பியோடு பேச உட்கார்ந்தோம். கொப்பியை வீடியோவில் காட்டினோம். கணக்குச் சொன்னோம். மேசன் காக்கா சொன்னதைச் சொன்னோம். கீழ்த்தட்டுக்குப் போகும் காசில் நிலமட்டத்து வீட்டை முடித்து மேலே சிலாப்பும் போட்டுவிடலாம் என்றோம். எல்லாம் கேட்டான். கடைசியில், "நீங்க ரெண்டு பேரும் டீச்சர்மார், எல்லாத்தையும் பாடமாக்கிருவீங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். அதன்பிறகு மூன்று வாரம் எங்களுக்கு அழைப்பில்லை. உம்மாவுக்கு மட்டும் எடுப்பான்.

உம்மாதான் ஒருநாள் குசினியில் மீன் அரிந்துகொண்டு, தலை நிமிராமல் சொன்னார். "அவன் சாமான் வெக்கவா கேட்டான்? அவன் வாறத்துக்கு இடம் கேக்கான்."

எங்களுக்கு விளங்கவில்லை. உம்மா விளங்கவைத்தார். அடுத்த வருடம் தம்பி கட்டாரை முடித்துக்கொண்டு வரப்போகிறான். இங்கே சாமான் எடுத்து மொத்தமாக விற்கிற ஒரு சின்ன வியாபாரம் மனதில் இருக்கிறது. பழைய வீடு தங்கச்சிக்கு. புதிய வீட்டில் நடுத்தட்டும் மேல்தட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு என்று எல்லோரும் எண்ணியாயிற்று. அவனுக்கு எது? கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போவான், சரி. அதுவரைக்கும்? பெண் வீட்டில் சரிவராமல் ஒருநாள் திரும்பி வந்தால்? உம்மாவிடம் அவன் சொன்னது இதுதான்: "நிலத்துக்குக் கீழ இரிக்கிறத எந்த மாப்பிள்ளயும் கேக்க மாட்டான் உம்மா. அது எனக்கு இரிக்கட்டும்."

அன்று இரவு நாங்கள் சாப்பிடவில்லை.

2004 டிசம்பர் 26 இல் அவனுக்கு வயது பதின்மூன்று. மூன்று வயதுத் தங்கச்சியை அவன்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். உம்மாவும் பிள்ளைகளும் ஒரு மாடி வீட்டில் ஏறித் தப்பினார்கள். வாப்பா வரவில்லை. அதற்குப் பிறகு ஓ.எல். முடித்ததும் கடையில் நின்றான், பிறகு கட்டார். ராத்தாவின் கலியாணத்துக்கு, கல்விக் கல்லூரிச் செலவுக்கு, தங்கச்சியின் படிப்புக்கு, இந்தப் பத்துப் பேர்ச்சுக்கு என்று அனுப்பிக்கொண்டே இருந்தான். காணியின் பாதி விலை அவனுடையது. உறுதி எங்கள் பெயரில், ராத்தாவின் பெயரில் மட்டும். வாங்கும்போது அது யாருக்கும் பிழையாகத் தெரியவில்லை, அவனுக்கும்தான். பெண் பிள்ளையின் பெயரில் எழுதுவதுதானே ஊர் வழக்கம். பெண்ணைக் காப்பாற்றுகிற வழக்கம் என்று நாங்களே பெருமையாகச் சொல்லியிருக்கிறோம், அதில் உண்மையும் உண்டு. கணவன் விட்டுப்போனாலும் எங்கள் ஊர்ப் பெண்கள் தெருவில் நிற்பதில்லை. அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே நிற்கிற ஆண் பிள்ளையை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. சீதனத்தைப் பற்றிப் பேசிய எந்த மேடையிலும் இந்தப் பக்கத்தைப் பேசவில்லை.

அடுத்த நாள் நாங்களே அழைத்தோம். மன்னிப்புக் கேட்பது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லாத வேலை. "தம்பி, கீழ் அறை கட்ட ஏலாது. அது தண்ணீர்ப் பிரச்சினை. ஆனால் உன் பங்கு தண்ணீருக்குக் கீழே இருக்கத் தேவையில்லை" என்று ஒருவாறு சொல்லி முடித்தோம். அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "கரண்ட் பில் யார் கட்டுற?" என்றான். சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு பக்கமும்.

நொத்தாரிசுவிடம் போனோம். ஓர் அறையை மட்டும் அவன் பெயருக்கு எழுத முடியுமா என்று கேட்டோம். அது சுலபமில்லை, காணியில் பிரிக்கப்படாத பாதிப் பங்கை எழுதிக்கொடுக்கலாம் என்றார். எழுதச் சொன்னோம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆம்புளப் புள்ளைக்கா?" என்று கேட்டார். ஓம் என்றோம். யாரும் கட்டாயப்படுத்துகிறார்களா என்றும் கேட்டார். உறவினர்களும் கேட்டார்கள். உங்கள் பெண் பிள்ளைகளின் பங்கை நீங்களே குறைத்துவிட்டீர்களே என்று ஒரு மாமி நேரேயே சொன்னார். அவர் சொல்வதில் கணக்குப் பிழையில்லை. ஆனால் அந்தப் பாதி ஒருநாளும் எங்களுடையதாக இருக்கவில்லை. இன்னும் பன்னிரண்டு, பதினைந்து வருடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு வீடு கேட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்லப் போகிறோம் என்பது இப்போதும் தெரியாது. சில இரவுகளில் பயமாகத்தான் இருக்கிறது.

பிளான் கீறுபவர் புதிதாகக் கீறிவிட்டார். அத்திவாரம் பாதை மட்டத்திலிருந்து மூன்று அடி உயரும். வெள்ளத்தின்போது எதிர்ச் சுவரில் படிந்த சேற்றுக்கோட்டை அளந்து, அதற்கு மேல் ஓர் அடி வைத்தோம். பாதையோரம் பன்னிரண்டுக்குப் பதினான்கில் ஓர் அறை, தனி வாசல், சுருட்டுக் கதவு, அதற்குள்ளேயே ஒரு பரண். அது தம்பியின் கடை. அதற்குப் பின்னால் வீடு. தூண்கள் மேல்தட்டைத் தாங்குகிற அளவில் இப்போதே இறங்கும். மேலே ஓடு இல்லை, சிலாப். ஏறுகிற படி வீட்டுக்கு உள்ளே இல்லை, வெளியே, மூத்தம்மாவின் வேலிப் பக்கம். இரவில் பூட்டுகிற கேற்றும் அதற்குக் கிடையாது. இது உம்மாவின் சொல். "கடல் வந்தா எல்லாரும் மேலதான் ஓடினம். கீழ ஓடின ஆரு? படிய வெளிய வையுங்க, அவளும் ஏறணும்."

மூன்று அடி மண் நிரப்பினால் எங்கள் வளவு மழைத்தண்ணீர் மூத்தம்மாவின் முற்றத்துக்குப் போகும் என்று மேசன் காக்கா ஞாபகப்படுத்தினார். உயர்த்திக் கட்டுகிற யாரும் எங்கள் ஊரில் அதை யோசிப்பதில்லை, பிறகுதான் வேலிச் சண்டை. ஆகவே கிறவல் இறங்குமுன் எல்லையோரம் வடிகான் வெட்டுகிறோம். வருகிற சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். மண்வெட்டியோடு வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு உண்டு.

நேற்று அஸருக்குப் பிறகு உம்மா அடுத்த தெருவில் தெரிந்தவர்கள் வீட்டு மாடிப் படியை ஏறிப் பார்க்கப் போனார். மூத்த மகள் கூடப் போனாள். பதினெட்டுப் படி, ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். பதினோராவதில் முழங்கால் பிடித்துவிட்டது, உட்கார்ந்துவிட்டார். வந்ததும் பிளான் கீறுபவருக்கு அழைப்பு எடுக்கச் சொன்னார். இப்போது எங்கள் படி ஆறு அங்குலம். மூன்று படி கூடுகிறது, அதற்கு இடம் பிடிக்க முருங்கை ஒன்று போக வேண்டும். அது வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மூத்தம்மாவின் முருங்கை. கேட்கத்தான் இன்னும் போகவில்லை.